பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி

வன்னியில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது வீடு வீடாகப் போகும் மருத்துவமாதாக இருக்கிறேன். என் பெரியம்மா தன் மகனுக்குக் கலியாணம் பேசுகிறார். பெண் என்னுடைய பிரிவில் இருப்பவள். சில வருடங்களுக்கு முன்பு அவள் எங்கள் கிளினிக்குக்கு வந்த காரணம் எனக்குத் தெரியும். "உனக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளை எப்படி?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2009இல் செட்டிக்குளம் முகாமில் தாயில்லாமல் நின்ற என்னைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்து வளர்த்தவர் அவர். போன வருடம் வேறொரு சம்பந்தம் பேசியபோது, "ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. பயிற்சியில் படித்த ஒழுக்கவியல் சொல்லாதே என்கிறது. வளர்த்தவரிடம் மறைப்பது ஒழுக்கமா என்று மனம் கேட்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மோதினால் எதன் பக்கம் நிற்பது?

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்களைக் காக்க வைக்க விரும்பவில்லை. சொல்லக் கூடாது. பெரியம்மாவுக்கும் சொல்லக் கூடாது, அவருடைய மகனுக்கும் சொல்லக் கூடாது, "மேலோட்டமாக" என்று ஒரு குறிப்புக் காட்டவும் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மனம் படும் பாடு வேறு விடயம். அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். மேலே அதைச் சுருக்கித் தந்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தை முழுவதுமாக விட்டுவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒழுக்கமும் ஒழுக்கவியலும் ஒன்று என்று நினைத்திருந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உளவளத்துணைக்கு வருவதற்கு முன் நான் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த காலத்தில் என்னையும் இந்தக் கேள்வி விடவில்லை. மேற்கத்திய மொழிகளில் இவற்றுக்குரிய இரண்டு சொற்களும் ஒரே கருத்துக்கு இரண்டு மொழிகள் கொடுத்த பெயர்கள். ஒழுக்கவியலைக் குறிக்கும் எத்திக்ஸ் என்ற சொல், பழக்கத்தையும் குணத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நல்ல குணம் நல்ல பழக்கத்தால் உண்டாகிறது என்று சொல்ல அரிஸ்டோட்டில் அந்த உறவைத்தான் எடுத்துக்காட்டினார். பிறகு உரோமில் சிசரோ கிரேக்கச் சொல்லை லத்தீனுக்குக் கொண்டுவர முயன்றபோது, வழக்கத்தைக் குறிக்கும் 'மோஸ்' என்ற சொல்லிலிருந்து ஒரு புதுச்சொல்லை உருவாக்கினார். ஒழுக்கத்தைக் குறிக்கும் இன்றைய மொராலிட்டி அதன் பிள்ளை. பிறப்பில் இரட்டைகள்.

பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்களும் ஒரே இடத்தில் பிரிக்கவில்லை. 1820களின் தொடக்கத்தில் ஜெர்மன் மெய்யியலாளர் ஹேகல், தனி மனிதனின் மனச்சாட்சியை ஒரு சொல்லாலும், குடும்பத்திலும் சமூகத்திலும் வாழ்ந்து பழகிய நெறியை இன்னொரு சொல்லாலும் குறித்தார். இன்று வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் கேட்டால், மொராலிட்டி தன் சொந்த நம்பிக்கை என்றும் எத்திக்ஸ் தொழிலின் சட்டம் என்றும் சொல்வார்கள். வேறு சிலர் இதையே தலைகீழாகச் சொல்வார்கள். ஆகவே ஒரு வரைவிலக்கணத்தைக் காட்டி உங்கள் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வேலையில் எனக்கு உதவுகிற பிரிப்பை இரணைமடுக் குளத்தின் கீழே ஓடும் ஒரு வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன். ஒழுகுதல் என்றால் இடையறாமல் ஓடுதல். ஒழுக்கம் என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. நாங்கள் பிறக்க முன்பே யாரோ வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது, செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போவது, சோறு போட்டவரை மறவாதது எல்லாம் அப்படி ஓடி வருபவை. இது ஒழுக்கம். ஒரு நாள் கமக்காரர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "இந்த வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு சிறுபோகமும் தண்ணீர் வருவதில்லை?" என்று கேட்கிறார். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி, யாருக்குப் பாய்கிறது, யாருடைய பயிர் காய்கிறது என்று பார்ப்பது ஒழுக்கவியல். அது இன்னொரு வழக்கமல்ல, வழக்கத்தை விசாரிக்கும் வேலை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. போகம் தொடங்க முன்பு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லோரும் கூடி, எந்த நாளில் எந்தப் பகுதிக்குத் தண்ணீர் என்று முறை வைத்து, கதவைத் திறந்து மூடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுக்கிறார்கள். அவருடைய சொந்தத் தம்பியின் வயல் வெடித்துக் கிடந்தாலும் முறை தப்பித் திறக்க அவருக்கு உரிமை இல்லை. அது தொழில் அறம்.

உங்களுக்குள் மோதுபவை மூன்று என்பதைக் கவனியுங்கள். வளர்த்தவருக்கு மறைக்காதே என்பது ஓடி வந்த ஒழுக்கம். சொல்லாதே என்பது கதவின் பொறுப்பை வாங்கியபோது நீங்கள் கொடுத்த வாக்கு. எது சரி என்று இரவில் தூங்காமல் இருந்து எனக்குக் கடிதம் எழுதினீர்களே, அதுதான் ஒழுக்கவியல். வள்ளுவரும் "உலகத்தோடு ஒட்ட ஒழுகல்" என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டு, இன்னோர் இடத்தில் மனத்தில் மாசு இல்லாமல் இருப்பதே அறம் முழுவதும் என்றார். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பது உங்களோடு தொடங்கியதல்ல.

இனிப் பெரியம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடனைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. அந்த முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள் என்பதை நின்றவர்களிடம் கேட்டவள் நான். தன் பிள்ளைகளுக்கே போதாத சோற்றில் இன்னொரு கோப்பை வைத்தவர் கேட்கும்போது எந்த வாய் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லும்? செஞ்சோற்றுக் கடன் என்று நம்மவர்கள் சொல்வது வெறும் வார்த்தை அல்ல. கர்ணன் எல்லாம் தெரிந்த பிறகும் துரியோதனனை விட்டு நகராமல் நின்றதை நினைத்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் கர்ணன் அந்தக் கடனுக்குக் கொடுத்தது தன்னுடைய உயிரை.

நீங்கள் கொடுக்க நினைப்பது உங்களுடையதல்ல. இடம்பெயரும்போது பக்கத்து வீட்டுக்காரி தன் தாலிக்கொடியை ஒரு துணியில் முடிந்து உங்கள் கையில் தருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் அப்படிக் கொடுத்தவர்களும் வாங்கிப் பத்திரமாகத் திருப்பித் தந்தவர்களும் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்குப் பெரியம்மாவிடம் கடன் இருக்கிறது என்பதற்காக அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பீர்களா? பெரியம்மாவே கை நீட்ட மாட்டார். நமது முஸ்லிம் உறவுகளிடம் இதற்கு ஓர் அருமையான சொல் இருக்கிறது: அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்தது. அந்தப் பெண் கிளினிக்கின் பின்கதிரையில் இருந்து உங்களிடம் சொன்னது அமானிதம். பெரியம்மாவுக்கு உங்கள் சம்பளத்தில் பங்கு கொடுங்கள், நோயில் பக்கத்தில் இருங்கள், அவருடைய முதுமைக்கு நீங்களே மகளாக இருங்கள். அவை எல்லாம் உங்களுடையவை.

இந்த வாக்கு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். வைத்தியர்களின் பழைய கிரேக்க உறுதிமொழியிலேயே, வேலையின்போது காண்பதிலும் கேட்பதிலும் வெளியே பேசத் தகாததைப் பேச மாட்டேன் என்ற வரி இருக்கிறது. 1948இல் வைத்தியர்களின் புதிய உறுதிமொழியான ஜெனீவாப் பிரகடனம் அதை மீண்டும் எழுதியது. 1968இல், நோயாளி இறந்த பிறகும் அது செல்லும் என்று சேர்த்தார்கள். உங்கள் தொழிலுக்கென்றே 1993இல் சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒழுக்கக் கோவையும் பெண்கள் சொல்வதை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. இவற்றைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். ஆனால் காரணம் காகிதத்தில் இல்லை, படலையில் இருக்கிறது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டின் தாய் சேய் நலம் ஒரு காட்சியின் மேல் நிற்கிறது: ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், இன்னொரு பெண் படலையைத் திறக்கிறாள். ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு நீங்கள் "அம்மா இருக்கிறீர்களா?" என்று கூப்பிட்டதும் உள்ளே விடுகிறார்களே, கிராம அலுவலருக்கும் கிடைக்காத அனுமதி அது. பாயில் உங்கள் பக்கத்தில் இருந்து, மாமியாருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறார்கள். நீங்கள் பெரியம்மாவிடம் ஒரு சொல் சொன்னீர்கள் என்று வையுங்கள். சம்பந்தம் முறியும். ஏன் முறிந்தது என்று ஊர் கேட்கும். ஒரு கிழமையில் ஊருக்குத் தெரியும், யார் சொன்னது என்றும் தெரியும். அதற்குப் பிறகு ஏதோ ஒரு வீட்டில், பயந்துபோன ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை உங்கள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பின்பக்கமாகக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். ஏழாம் மாதம் வரை எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருக்காது. இரத்த அழுத்தத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அவள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் கொடுத்த வாக்கில் அவளும் ஒரு பங்காளி.

"அப்படியென்றால் நான் பொய் சொல்கிறவள் ஆகிவிடுகிறேனே" என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. பொய் சொல்லாதே என்பதில் உலகத்திலேயே கடுமையானவர் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட். கொலைகாரன் ஒருவன் வந்து, நீ ஒளித்து வைத்திருக்கும் நண்பன் வீட்டில் இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார். அந்த இடத்தில் என்னால் அவரோடு போக முடியாது. புரைதீர்ந்த நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளின் பக்கத்தில்தான் நான் நிற்பேன். ஆனால் கான்டின் விதி பொய்யைத்தான் தடுக்கிறது, மௌனத்தை அல்ல. கேட்டவருக்கு எல்லாம் விடை கொடுக்க எந்த ஒழுக்கமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே "ஒன்றுமே இல்லை" என்று பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். அது பொய், பின்னால் உங்களையே சுடும். பேசாமல் இருப்பதற்கு உங்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கின்றன.

பேசாமல் இருப்பதுதான் மிகவும் கடினம். இதை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். பல வருடங்களுக்கு முன்பு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல முறிகண்டியில் நிறுத்தினார்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பும்போது, ஒருவர் கச்சான் பொட்டலத்தை நீட்டி, "மிஸ், என் மகள் உங்களிடம் வருகிறவள். இந்தக் கலியாணத்தில் அவளுக்கு விருப்பம்தானே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. கச்சான் இன்னும் சூடாக இருந்தது. அந்த மனிதரின் சேர்ட்டுப் பையில் கலியாண மண்டபத்துக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு வெளியே தெரிந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மூச்சு நேரம் தயங்கினேன், பார்வையைக் கோயில் பக்கம் திருப்பினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. அவளுக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தயக்கம் அவளைக் காட்டிக்கொடுத்தது. அதை நான் மறக்க முயன்றதும் இல்லை.

அன்று என்னிடம் இல்லாதிருந்தது ஒரு பழக்கம். யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், நல்லதோ கெட்டதோ, ஒரே சொற்களில், ஒரே முகத்தோடு சொல்லும் பதில். உங்கள் சிக்கல் உண்மையில் போன வருடம் தொடங்கியது. அந்த முதல் பெண்ணைப் பற்றி "நல்ல பிள்ளை" என்றீர்கள். அதில் என்ன பிழை, நல்லதைத்தானே சொன்னேன் என்று நினைத்திருப்பீர்கள். ஒருத்திக்கு நற்சான்று கொடுத்தால், கொடுக்காத மற்ற எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். பெரியம்மா இப்போது உங்கள் மௌனத்தைப் போன வருடத்துப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் விவரமானவர். ஒப்பிடத்தான் செய்வார்.

ஆகவே போய்ச் சொல்ல வேண்டியது இதுதான், இன்றைக்கே, அவர் மீண்டும் கேட்கும்வரை காத்திராமல்: "பெரியம்மா, போன முறை நான் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னது பிழை. கிளினிக்கில் யார் வந்தார்கள், வரவில்லை, ஏன் வந்தார்கள் என்று நான் யாருக்கும் சொல்லக் கூடாது. நல்லதும் சொல்லக் கூடாது. இனி யாரைப் பற்றிக் கேட்டாலும் இதுதான் பதில். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி வெளியில் யார் கேட்டாலும் இதே பதில்தான்." கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிழையை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்போது, மௌனத்துக்குக் காரணம் இந்தப் பெண் அல்ல, உங்கள் பழைய பேச்சு என்று ஆகிறது. கொஞ்சம் குறுகிப்போவீர்கள்தான். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

அவர் கோபிக்கக்கூடும். சில மாதம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். அதை மாற்ற என்னிடம் ஒரு வழியும் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், கோபத்தோடுதான் கேட்கிறேன். மாப்பிள்ளை பற்றி யாராவது உங்களிடம் விசாரித்தார்களா? அந்தப் பெண்ணின் தாய் எந்தக் கிளினிக்குப் படியில் ஏறி, "தம்பி எப்படி?" என்று கேட்டார்? சீதனம் எவ்வளவு என்று பேசுகிற மேசையில், பெண்ணின் உடம்பும் கடந்த காலமும் பரிசீலனைக்கு வைக்கப்படுகின்றன. ஆணுடையது வேலைக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. ஊரில் 'ஒழுக்கமான பிள்ளை' என்ற சொல்லைப் பெண்ணுக்குச் சொல்லும்போது அதற்கு ஒரு பொருள், ஆணுக்குச் சொல்லும்போது வேறு பொருள். இது நெடுநாள் ஓடி வந்த வாய்க்கால்தான். எந்த வயல் காய்கிறது என்று எழும்பிக் கேட்க வேண்டிய இடமும் இதுவே. பெரியம்மாவின் கவலை தன் மகன் நன்றாக வாழ வேண்டும் என்பது. அது நியாயமான கவலை. அப்படியென்றால் பெடியனும் பிள்ளையும் இரண்டு முறையாவது தனியாக இருந்து பேசட்டும். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவள் கையில் இருக்கட்டும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கானது போன்ற பரிசோதனைகளை இருவரும் சேர்ந்து செய்யட்டும். நீங்கள் பெரியம்மாவுக்குச் சொல்லக்கூடிய புத்தி இது, இதைச் சொல்ல யாருடைய கிளினிக் பதிவையும் திறக்கத் தேவையில்லை.

வாக்கை மீற வேண்டிய இடமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஒரு சிறு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது, ஒருவருடைய உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்றால் மௌனம் குற்றமாகிவிடும். அப்போதும் பெரியம்மாவிடம் போவதில்லை. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போவீர்கள், முடிந்தால் சம்பந்தப்பட்டவரிடமே முதலில் பேசிவிட்டுப் போவீர்கள், தேவையான அளவு மட்டும் சொல்வீர்கள். நீங்கள் எழுதிய விடயம் அந்த வகையில் இல்லை. யாருக்கும் அதனால் ஆபத்து இல்லை. அது முடிந்துபோன ஒரு துயரம், அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொந்தமானது.

அந்த இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். அதில் கிராமத்தின் பெயர் இருந்தது, வருடம் இருந்தது, அவளுடைய தகப்பனின் தொழில் இருந்தது, அவள் ஏன் வந்தாள் என்பதும் இருந்தது. உங்கள் ஊரில் பிறந்த எவரும் மூன்று வரியில் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் நான் உங்களுக்கு முன்பின் தெரியாதவள், இந்தக் கடிதம் என் மேசைக்கு வருமுன் இரண்டு கை மாறியிருக்கிறது. எனக்கு அவளுடைய கதை தேவைப்படவில்லை, உங்களுடையது போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து, நேற்று மாலை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்